கண்ணின் வலிக்காத பாதி

"வலி ஒண்ணும் இல்லையேம்மா, அதான் வரலை."

கண் பரிசோதனை அறையில் நான் அதிகம் கேட்கும் வாக்கியம் இதுதான். சர்க்கரை வந்து பல வருடம் ஆகியும் ஒருமுறைகூடக் கண்ணைக் காட்டாதவர்கள் இதைச் சொல்வார்கள். ஒரு கண்ணில் முக்கால்வாசிப் பார்வை போன பிறகு வருகிறவர்களும் இதையேதான் சொல்வார்கள். அவர்களைக் குறை சொல்ல மனம் வராது. பல் வலித்தால் பல் டாக்டர், வயிறு வலித்தால் வயிற்று டாக்டர் என்றுதான் எல்லோரும் வளர்ந்திருக்கிறோம். ஏதாவது கெட்டுப்போனால் உடம்பே சொல்லிவிடும் என்று நம்புகிறோம்.

கண் விஷயத்தில் இந்த நம்பிக்கை பாதி தூரம்தான் வரும். பெரியவர்களின் கண் சுமார் 24 மில்லிமீட்டர் குறுக்களவு உள்ள ஓர் உருண்டை. அதன் முன்பகுதியில் வலி நரம்புகள் நிறைய உண்டு. பார்வையே நடக்கிற பின்பகுதியான விழித்திரையிலோ வலி நரம்பு கிடையாது. இதோடு இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். வலிக்கும் முன்பகுதி கெட்டால் பெரும்பாலும் சரிசெய்யலாம், மாற்றுப் பொருத்தலாம். வலிக்காத பின்பகுதி கெட்டால் மாற்று இல்லை. இந்த நீண்ட பதிவில் நான் சொல்ல வருவது இந்த ஒன்றைத்தான். கண்ணை முன்னாலிருந்து பின்னால் வரை ஒருமுறை நடந்து பார்த்துவிட்டால், ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பது உங்களுக்கே புரியும்.

கண்ணீர்ப் படலம்

கண்ணின் மேல் முதலில் இருப்பது கண்ணீர். அழும்போது வருவதைச் சொல்லவில்லை. எப்போதும் கண்ணின் மேல் பரவிக் கிடக்கும் மெல்லிய ஈரத்தைச் சொல்கிறேன். அதில் மூன்று பொருட்கள் சேர்ந்திருக்கின்றன. கண்ணோடு ஒட்டிப் பிடித்துக்கொள்ள வழவழப்பான சளிப் பொருள், அதன் மேல் உப்பு நீர், அந்த நீர் ஆவியாகாமல் காக்க மேலே மெல்லிய எண்ணெய். எண்ணெயைத் தருபவை இமை விளிம்பில் வரிசையாக இருக்கும் சுரப்பிகள். அவை அடைத்துக்கொண்டால்தான் சில வகைக் கண்கட்டி வருகிறது.

கண்ணீரில் கிருமிகளை உடைக்கும் ஒரு புரதமும் உண்டு. லைசோசைம் என்று பெயர். பெனிசிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃபிளெமிங், அதற்குச் சில ஆண்டுகள் முன்பே 1922-ல் இதைப் பற்றி எழுதினார்.

நிமிடத்துக்குச் சுமார் 15 முறை இமைக்கிறோம். ஒவ்வொரு இமைப்பும் இந்தப் படலத்தைப் புதிதாகப் பூசிவிடுகிறது. கைபேசியையோ கணினியையோ உற்றுப் பார்க்கும்போது இமைப்பு பாதிக்கும் கீழே இறங்கிவிடும். மாலையில் கண் எரிவதற்கும் உறுத்துவதற்கும் அதுதான் முக்கியக் காரணம்.

பழைய கண்ணீர் எங்கே போகிறது? கண்ணாடி முன் நின்று கீழ் இமையை மூக்குப் பக்கமாகச் சற்று இழுத்துப் பாருங்கள். விளிம்பில் குண்டூசி முனை அளவுக்கு ஒரு துளை தெரியும். மேல் இமையிலும் ஒன்று உண்டு. அதன் வழியே கண்ணீர் மூக்குக்குள் இறங்குகிறது. அழுதால் மூக்கு ஒழுகுவதும், சொட்டு மருந்து விட்ட சற்று நேரத்தில் தொண்டையில் கசப்பதும் இதனால்தான். மருந்து விட்டதும் கண்ணை மூடி, மூக்கை ஒட்டிய மூலையை விரலால் இரண்டு நிமிடம் மெல்ல அழுத்திக்கொண்டால் மருந்து மூக்குக்குப் போகாமல் கண்ணிலேயே நிற்கும். குறிப்பாகக் கண் அழுத்தத்துக்கு மருந்து போடுகிறவர்கள் இதைப் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

கருவிழி: சத்தம் போடும் பகுதி

கண்ணீருக்கு அடுத்தது கருவிழி. பெயரில்தான் கருமை, உண்மையில் அது நிறமே இல்லாத ஒளி ஊடுருவும் படலம். பின்னால் இருக்கும் ஐரிஸின் நிறம்தான் நமக்குத் தெரிகிறது. கருவிழியின் நடுப்பகுதி அரை மில்லிமீட்டர் தடிமன்தான். ஆனால் கண்ணுக்குள் வரும் ஒளியை வளைத்துக் குவிக்கும் வேலையில் மூன்றில் இரண்டு பங்கு அதனுடையது. கண்ணின் மொத்தப் பவர் சுமார் 60 டையாப்டர். அதில் ஏறக்குறைய 43 கருவிழி தருவது. லேசர் மூலம் கண்ணாடியைக் கழற்றும் சிகிச்சையில் லென்ஸைத் தொடாமல் கருவிழியைச் செதுக்குவது இதனால்தான்.

கருவிழியில் ரத்தக் குழாய் ஒன்றுகூட இல்லை. இருந்தால் ஒளியை மறைக்கும். அதற்கு வேண்டிய ஆக்சிஜனின் பெரும்பகுதி வெளிக்காற்றிலிருந்து கண்ணீரில் கரைந்து வருகிறது. கான்டாக்ட் லென்ஸோடு தூங்கக் கூடாது என்று சொல்வது வெறும் எச்சரிக்கைக்காக அல்ல. இமையும் மூடி, லென்ஸும் மூடினால் கருவிழிக்கு மூச்சு முட்டும், கிருமி உள்ளே புகுவது எளிதாகும்.

ரத்தக் குழாய் இல்லாத இந்த இடத்தில் நரம்பு முனைகள் தோலில் இருப்பதைப் போல நூற்றுக்கணக்கான மடங்கு அடர்த்தியாக இருக்கின்றன. உடம்பிலேயே இவ்வளவு கூருணர்வு உள்ள திசு வேறில்லை எனலாம். கண்ணுக்குத் தெரியாத ஒரு தூசி விழுந்தாலும் மனிதனை வேறு எதையும் யோசிக்க விடாது. கண் சிவக்கும், நீர் கொட்டும், இமை தானாக இறுக மூடும். கண் தன்னைக் காக்கப் போடும் சத்தம் அது. நல்ல விஷயம் என்னவென்றால், மேல் தோல் மட்டும் லேசாக உரசியிருந்தால் ஓரிரு நாளில் தானாக ஆறிவிடும்.

நான் இருப்பது டெல்டா பக்கம். அறுவடைக் காலத்தில் நெல் தாளோ உமியோ கண்ணில் பட்டு வருகிறவர்கள் வரிசையில் நிற்பார்கள். அவர்களில் அன்றே வருகிறவரைப் பார்த்தால் எனக்குப் பயமில்லை. பயம் ஒரு வாரம் கழித்து வருகிறவரைப் பார்த்துத்தான். நடுவில் ஒருவர் தாய்ப்பால் விட்டிருப்பார், ஒருவர் இலைச்சாறு பிழிந்திருப்பார், இன்னொருவர் கடையில் கேட்டு ஏதோ சொட்டு மருந்து வாங்கியிருப்பார். பயிரோடு சேர்ந்து வரும் பூஞ்சைக் கிருமி கருவிழிப் புண்ணில் இறங்கினால் ஆற்றுவது கடினம். கடையில் வாங்கிய சொட்டு மருந்தில் ஸ்டீராய்டு இருந்தால் சிவப்பும் வலியும் குறைந்ததுபோல இருக்கும், உள்ளே பூஞ்சை செழித்து வளரும். கடைசியில் புண் ஆறினாலும் அந்த இடத்தில் வெண்தழும்பு நிற்கும். கண்ணில் பூ விழுந்துவிட்டது என்று ஊரில் சொல்வது இதைத்தான்.

அப்போதும் ஒரு வழி உண்டு. இறந்தவர் தானமாகத் தந்த கருவிழியை எடுத்துப் பொருத்தலாம். 1905-ல் எட்வர்ட் ஸிர்ம் என்ற மருத்துவர், இன்றைய செக் நாட்டில் இருக்கும் ஓலோமோட்ஸ் நகரில், ஒரு மனிதரின் கருவிழியை இன்னொருவருக்கு வெற்றிகரமாகப் பொருத்திக் காட்டினார். இந்தியாவின் முதல் கண் வங்கி 1945-ல் சென்னை எழும்பூர் அரசு கண் மருத்துவமனையில் தொடங்கியது. ரத்தக் குழாய் இல்லை என்பதால் பிறருடைய கருவிழியை உடல் ஏற்றுக்கொள்ளும் வாய்ப்பும் மற்ற உறுப்புகளைவிட அதிகம்.

ஐரிஸும் முன் அறையும்

கருவிழிக்குப் பின்னால் ஐரிஸ். அதன் நடுவில் இருக்கும் துளைதான் கண்மணி. வெயிலில் 2 மில்லிமீட்டர் வரை சுருங்கும், இருட்டில் 8 மில்லிமீட்டர் வரை விரியும். சுருக்க ஒரு தசை, விரிக்க ஒரு தசை. விழித்திரையைச் சோதிக்கும் முன் மருந்து விட்டு உட்கார வைக்கிறோமே, அது சுருக்கும் தசையைத் தற்காலிகமாகச் செயலிழக்கச் செய்கிறது. சில மணி நேரம் வெளிச்சம் கூசும், கிட்டத்து எழுத்து மங்கும். இதற்குப் பயந்து பலரும் "இன்னொரு நாள் வர்றேன்" என்று எழுந்து போய்விடுகிறார்கள். மெல்லிய துளை வழியாக உள்ளே எட்டிப் பார்த்தால் ஓரங்கள் தெரியாது. விரித்தால்தான் முழு விழித்திரையும் தெரியும். அன்று வண்டி ஓட்டாமல், கூட ஒருவரை அழைத்து வந்தால் போதும்.

கருவிழிக்கும் லென்ஸுக்கும் நடுவே உள்ள இடத்தை அக்குவஸ் என்ற தெளிந்த நீர் நிரப்புகிறது. ரத்தக் குழாய் இல்லாத கருவிழிக்கும் லென்ஸுக்கும் சத்துணவு கொண்டுபோவது இதுதான். ஐரிஸுக்குப் பின்னால் இருக்கும் சிலியரி பகுதியில் ஊறி, கண்மணி வழியாக முன்னே வந்து, ஐரிஸும் கருவிழியும் சந்திக்கும் கோணத்தில் உள்ள சல்லடை வழியாக வெளியேறுகிறது. சுமார் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை முன் அறையின் நீர் முழுக்க மாறிவிடுகிறது. குழாய் திறந்தே இருக்கும் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். வடிகால் சரியாக இருந்தால் மட்டம் மாறாது. வடிகால் மெல்ல அடைத்தால் மட்டம் ஏறும். கண்ணில் ஏறுவது அழுத்தம். வழக்கமாக 10 முதல் 21 மில்லிமீட்டர் பாதரசம் வரை இருக்கும். முன்னால் ஏறும் இந்த அழுத்தம் கண் முழுக்கப் பரவி, பின்னால் பார்வை நரம்பு தொடங்கும் இடத்தை நசுக்குகிறது. இதைத்தான் கண் அழுத்த நோய், க்ளாக்கோமா என்கிறோம். இதற்கு மீண்டும் வருகிறேன்.

லென்ஸ்

ஐரிஸை ஒட்டிப் பின்னால் லென்ஸ். இதற்கும் ரத்தக் குழாய் இல்லை, நரம்பும் இல்லை. கிட்டத்தில் பார்க்கும்போது தடிக்கும், தொலைவில் பார்க்கும்போது தட்டையாகும். வாழ்நாள் முழுக்க அது வளர்ந்துகொண்டே இருக்கிறது. புதிய இழைகள் வெளியே சுற்றிக்கொள்ள, பழையவை நடுவில் இறுகுகின்றன. அம்மா வயிற்றில் இருந்தபோது உருவான இழைகள் எண்பது வயதிலும் அந்த லென்ஸின் நடுவில் அப்படியே இருக்கும். நாற்பதைத் தாண்டியதும் இறுக்கம் கூடி, தடிக்கும் திறன் குறைகிறது. செய்தித்தாளைக் கை நீட்டிப் பிடிக்கத் தொடங்குகிறோம். அதுதான் வெள்ளெழுத்து. எல்லோருக்கும் வரும், அது நோய் அல்ல.

லென்ஸில் இருக்கும் புரதம் ஒழுங்கு குலைந்து வெளுத்தால் கண்புரை. நரம்பு இல்லாததால் புரை வலிக்காமலேதான் வளரும். ஆனால் பார்வை மங்குவது தெரிந்துவிடும், எதிரே வரும் வண்டியின் விளக்கு சிதறித் தெரியும். தாமதமாக வந்தாலும் பெரும்பாலும் சரிசெய்துவிடலாம் என்பதே கண்புரையில் பெரிய ஆறுதல்.

அந்த ஆறுதலுக்குப் பின்னால் ஓர் அருமையான கதை உண்டு. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானிகள் சிலரின் கண்ணில், விமானத்தின் மேல்மூடி உடைந்து அக்ரிலிக் பிளாஸ்டிக் சிதறல் புகுந்தது. உள்ளேயே தங்கியும் கண் அதை எதிர்க்கவில்லை. இதைக் கவனித்த ஹெரால்ட் ரிட்லி, லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் 1949 நவம்பர் 29 அன்று, அதே வகைப் பிளாஸ்டிக்கில் செய்த லென்ஸை ஒரு நோயாளியின் கண்ணுக்குள் வைத்தார். சக மருத்துவர்கள் பலர் நீண்ட காலம் அவரை எதிர்த்தார்கள். இன்று உலகில் மிக அதிகமாக நடக்கும் அறுவை சிகிச்சைகளில் அது ஒன்று.

நம் ஊருக்கு அது வந்து சேர்ந்ததில் மதுரைக்குப் பெரும் பங்கு உண்டு. அரசுப் பணியில் ஓய்வு பெற்ற டாக்டர் ஜி. வெங்கடசாமி, மூட்டு வாதத்தால் விரல்கள் கோணிப்போன நிலையிலும், 1976-ல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். வெளிநாட்டு லென்ஸின் விலை ஏழைகளுக்கு எட்டாததால், 1992-ல் மதுரையிலேயே ஆரோலேப் என்ற கூடத்தில் லென்ஸ் தயாரிக்கத் தொடங்கினார்கள். விலை பல மடங்கு இறங்கியது. "எனக்கு லென்ஸ் வச்சாச்சு" என்று எந்தக் கிராமத்துப் பாட்டியும் இன்று சாதாரணமாகச் சொல்கிறார் என்றால், அதற்குப் பின்னால் இவ்வளவு பேருடைய உழைப்பு இருக்கிறது.

இதுவரை பார்த்ததெல்லாம் முன்பக்கம். தூசி, புண், பூ, புரை. எல்லாமே ஏதோ ஒரு வகையில் தெரிந்துவிடும், எல்லாவற்றுக்கும் ஏதோ ஒரு மாற்று இருக்கிறது. இனிமேல்தான் நாம் கவலைப்பட வேண்டிய பகுதி.

விழித்திரை: அமைதியான பகுதி

லென்ஸுக்குப் பின்னால் கண்ணின் பெரும்பகுதியை விட்ரியஸ் என்ற கூழ்மம் நிரப்புகிறது. அதில் 98 சதவீதத்துக்கும் மேல் தண்ணீர்தான். வயதாக ஆக அது சுருங்கி, அதில் உள்ள இழைகள் திரண்டு நிழல் விழும். வெள்ளைச் சுவரைப் பார்க்கும்போது பூச்சி பறப்பதுபோல, நூல் மிதப்பதுபோலத் தெரிவது அந்த நிழல்தான். ஒன்றிரண்டு நெடுநாளாக இருந்தால் பெரும்பாலும் கவலை இல்லை. திடீரென்று பூச்சிகள் பெருகினாலோ, ஓரத்தில் மின்னல் அடித்தாலோ, ஒரு பக்கம் திரை இறங்குவதுபோல இருந்தாலோ அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். விழித்திரை கிழிகிறது என்பதற்கு வேறு அறிகுறி கிடையாது. அங்கே வலி இருக்காது.

விழித்திரை சுமார் கால் மில்லிமீட்டர் தடிமன் உள்ள நரம்புத் திசு. கரு வளரும்போது மூளையிலிருந்து பிரிந்து வந்த பகுதி அது. ஆகவே மூளையின் ஒரு துண்டு வெளியே வந்து ஒளியைப் பார்க்கிறது என்றே சொல்லலாம். அதில் இரண்டு வகை ஒளி செல்கள் இருக்கின்றன. மங்கிய வெளிச்சத்துக்கான கோல் செல்கள் ஏறக்குறைய 9 முதல் 12 கோடி. நிறத்துக்கும் நுணுக்கத்துக்கும் உரிய கூம்பு செல்கள் சுமார் 60 லட்சம். கூம்புகள் நெருக்கமாகக் குவிந்திருக்கும் இடம் மேக்குலா. அதன் மையத்தில் உள்ள சிறு பள்ளத்தைக் கொண்டுதான் இந்த வரியை இப்போது படிக்கிறீர்கள். அந்தப் பள்ளத்தின் நட்டநடுவில் கோல் செல்களே இல்லை. இருட்டில் மங்கலான நட்சத்திரத்தை நேராகப் பார்த்தால் மறைந்துவிடும், சற்றுத் தள்ளிப் பார்த்தால் தெரியும். மொட்டை மாடியில் இன்றிரவே சோதித்துப் பார்க்கலாம்.

கோல் செல்களில் ரோடாப்சின் என்ற நிறமி இருக்கிறது. அதைச் செய்ய வைட்டமின் ஏ வேண்டும். அது குறைந்தால் முதலில் இருட்டுப் பார்வை போகும். குழந்தைகளுக்கு வரும் மாலைக்கண் இதுதான். முருங்கைக்கீரை, பப்பாளி, முட்டை மஞ்சள் கரு இவற்றைத் தட்டில் வைக்கச் சொல்வதற்கும், அங்கன்வாடியில் வைட்டமின் ஏ திரவம் கொடுப்பதற்கும் காரணம் இங்கே இருக்கிறது.

உயிரோடு இருக்கும் மனிதரின் விழித்திரையைத் தெளிவாகப் பார்க்க வழி செய்தவர் ஹெர்மன் வான் ஹெல்ம்ஹோல்ட்ஸ். அவர் 1851-ல் ஆப்தால்மோஸ்கோப் கருவியை உலகுக்கு அறிமுகப்படுத்தினார். உடம்பை வெட்டாமல் ரத்தக் குழாய்களை நேரடியாகப் பார்க்க முடிகிற இடம் விழித்திரை. சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் குழாய்களை என்ன செய்திருக்கின்றன என்பது அங்கே எழுதி வைத்ததுபோலத் தெரியும்.

சர்க்கரை நோயில் நடப்பது இது. விழித்திரையின் நுண்குழாய்களின் சுவர் வலுவிழக்கிறது. ஆங்காங்கே சிறு புடைப்பு கிளம்புகிறது, நீரும் கொழுப்பும் ரத்தமும் கசிகின்றன. சில குழாய்கள் அடைத்துப்போகின்றன. ஆக்சிஜன் கிடைக்காத விழித்திரை புதுக் குழாய்களை வளரச் செய்கிறது. அவை உறுதியில்லாதவை. ஒரு நாள் உடைந்து கண்ணுக்குள் ரத்தம் பரவும். இதெல்லாம் நடக்க வருடங்கள் ஆகும். கசிவு மேக்குலாவைத் தொடும்வரை அந்த மனிதர் எல்லா எழுத்தையும் படிப்பார், வண்டி ஓட்டுவார், "கண்ணு நல்லா இருக்கு" என்பார். லேசரும் கண்ணுக்குள் போடும் ஊசியும் மிக நன்றாக வேலை செய்வது அந்த "நல்லா இருக்கு" காலத்தில்தான்.

ஏன் நமக்கே தெரிவதில்லை?

வலி இல்லை, சரி. பார்வை குறைவதாவது தெரிய வேண்டாமா? இதற்கு ஒரு சிறு சோதனை செய்யுங்கள். வெள்ளைத் தாளில் 8 சென்டிமீட்டர் இடைவெளியில் இடதுபக்கம் ஒரு கூட்டல் குறி, வலதுபக்கம் பட்டாணி அளவில் ஒரு கரும்புள்ளி போடுங்கள். இடது கண்ணை மூடி, வலது கண்ணால் கூட்டல் குறியை மட்டும் பாருங்கள். தாளைக் கை நீளத்தில் பிடித்து மெல்லக் கிட்டே கொண்டுவாருங்கள். ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் தூரத்தில் கரும்புள்ளி காணாமல் போகும்.

அந்த இடத்தில் உங்கள் கண்ணுக்குப் பார்வை கிடையாது. விழித்திரையின் நரம்பிழைகள் 10 லட்சத்துக்கும் மேல் ஒன்றுசேர்ந்து பார்வை நரம்பாக வெளியேறும் வாசல் அது. அங்கே ஒளி செல்கள் இல்லை. பிரான்சு நாட்டு எட்மே மாரியட் 17-ஆம் நூற்றாண்டில் இதைக் கண்டு சொன்னார். கவனிக்க வேண்டியது, புள்ளி மறைந்த இடத்தில் நீங்கள் என்ன பார்த்தீர்கள் என்பது. கருப்பு ஓட்டை தெரிந்ததா? இல்லை. வெள்ளைத் தாள்தான் தெரிந்தது. சுற்றியிருப்பதை வைத்து மூளை அந்த இடத்தை நிரப்பிவிட்டது. பிறந்ததிலிருந்து ஒவ்வொரு கண்ணிலும் இந்த ஓட்டை இருக்கிறது, நாம் அறியவே இல்லை. காரணம் இரண்டு. ஒரு கண்ணின் ஓட்டையை மறு கண் பார்த்துவிடுகிறது. மீதியை மூளை நிரப்பிவிடுகிறது.

இப்போது க்ளாக்கோமாவை நினையுங்கள். பார்வை நரம்பின் இழைகள் கொஞ்சம் கொஞ்சமாகச் சாகின்றன. பார்வைப் புலத்தின் ஓரங்களில் ஓட்டைகள் விழுகின்றன. மூளை அவற்றையும் நிரப்புகிறது. மறு கண் ஈடுகட்டுகிறது. நடுப்பார்வை கடைசிவரை இருக்கும். அதனால் அட்டையில் கடைசி வரியைப் படிக்கிறவருக்கும் நோய் முற்றியிருக்கலாம்.

ஒரு பெரியவரை மறக்க முடியவில்லை. பேருந்து ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர். கண்ணாடிக்குப் பவர் பார்க்க வந்தார். "ரெண்டு கண்ணும் ஜோரா இருக்கும்மா, பேப்பர் படிக்க மட்டும் ஒரு கண்ணாடி போதும்" என்றார். வலது கண்ணை மூடி இடது கண்ணால் அட்டையைப் படிக்கச் சொன்னேன். சில நொடி பேச்சில்லை. பிறகு கேட்டார், "ஏம்மா, லைட்டை அணைச்சிட்டியா?" விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. "இல்லைங்கய்யா" என்றேன். மூடியிருந்த வலது கண்ணைத் திறந்தார், மறுபடி மூடினார், மறுபடி திறந்தார். இடது கண்ணின் நரம்பு ஏறக்குறைய முழுவதும் வெளுத்திருந்தது. வலது கண்ணிலும் தொடங்கியிருந்தது. இடது எப்போது போனது என்று அவரால் சொல்ல முடியவில்லை. எப்படிச் சொல்வார்? அவருக்கு ஒரு நாளும் இருட்டாகவே இல்லையே. வலது கண்ணுக்குச் சொட்டு மருந்து தொடங்கினார்கள், ஒழுங்காகப் போட்டுவருகிறார், அந்தப் பார்வை நிலைத்திருக்கிறது. அவருடைய தம்பியையும் பிள்ளைகளையும் வரச் சொன்னோம், ஏனென்றால் இந்த நோய் குடும்பத்தில் ஓடும்.

ஒரு விதிவிலக்கையும் சொல்லிவிட வேண்டும். க்ளாக்கோமாவில் ஒரு வகை சட்டென்று வடிகாலை அடைத்து அழுத்தத்தை ஒரேயடியாக ஏற்றும். கண் சிவந்து, தலை பிளந்து, வாந்தி வந்து, விளக்கைச் சுற்றி வண்ண வளையம் தெரியும். ஒற்றைத் தலைவலி என்று மாத்திரை போட்டுப் படுத்துவிடாதீர்கள், உடனே ஓடுங்கள். ஆனால் பெரும்பாலான க்ளாக்கோமா அந்தப் பெரியவருக்கு வந்ததுபோலச் சத்தமே இல்லாமல்தான் வரும். அழுத்த அளவு வழக்கமான எல்லைக்குள் இருந்தும் நரம்பு கெடுகிறவர்களும் உண்டு. அதனால் காற்றை ஊதி அழுத்தம் பார்ப்பதோடு நிறுத்தாமல் நரம்பையும் பார்க்க வேண்டும்.

குழந்தைகள் சொல்ல மாட்டார்கள்

கண் அனுப்பும் செய்தியைப் படிப்பது தலையின் பின்பக்கத்தில் இருக்கும் மூளைப் பகுதி. அந்தப் பகுதி குழந்தைப் பருவத்தில்தான் பார்க்கக் கற்றுக்கொள்கிறது. டேவிட் ஹியூபலும் டோர்ஸ்டன் வீசலும் பூனைக்குட்டிகளின் ஒரு கண்ணை மூடி வைத்துச் செய்த ஆய்வில், பிறகு கண்ணைத் திறந்தாலும் மூளை அந்தக் கண்ணை ஏற்றுக்கொள்வதில்லை என்று கண்டார்கள். பார்வை பற்றிய ஆய்வுகளுக்காக 1981-ல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

ஒரு குழந்தைக்கு ஒரு கண்ணில் மட்டும் பவர் அதிகம் இருந்தாலோ, மாறுகண் இருந்தாலோ, மூளை அந்தக் கண்ணை ஒதுக்கிவிட்டு நல்ல கண்ணை மட்டும் நம்பும். சோம்பல் கண் என்பது இது. குழந்தை புகார் சொல்லாது. இரண்டு கண்ணிலும் தெளிவாகப் பார்ப்பது எப்படி இருக்கும் என்று அதற்குத் தெரியவே தெரியாதே. ஏழெட்டு வயதுக்குள் கண்டுபிடித்தால் கண்ணாடி போட்டு, நல்ல கண்ணை ஒட்டி மறைத்து, சோம்பிய கண்ணுக்கு வேலை கொடுத்து மீட்கலாம். வயது ஏற ஏற அந்த வாய்ப்பு குறையும். மாறுகண் அதிர்ஷ்டம் என்று சொல்லி விட்டுவிடும் வீடுகளைப் பார்க்கும்போது எனக்கு ஆற்றாமையாக இருக்கும்.

விளையாட்டாக ஒரு கண்ணை உங்கள் கையால் மூடிப் பாருங்கள். ஒரு கண்ணை மூடினால் சும்மா இருக்கும் குழந்தை, மற்றதை மூடியதும் கையைத் தட்டிவிட்டு அழுதால், மூடாத கண்ணில் ஏதோ குறை இருக்கிறது. ஃபிளாஷ் போட்டு எடுத்த படத்தில் ஒரு கண்மணி வெள்ளையாக மின்னினாலும் தள்ளிப்போடாதீர்கள். விழித்திரையில் வரும் புற்றுநோய்கூடச் சில குழந்தைகளுக்கு அப்படித்தான் முதலில் தென்படும். சீக்கிரம் பார்த்தால் உயிரையும் பெரும்பாலும் காப்பாற்றலாம், கண்ணையும் காப்பாற்ற வாய்ப்பு உண்டு.

மாற்று இல்லாத நரம்பு

2023-ல் நியூயார்க்கில் மருத்துவர்கள் ஒரு மனிதருக்கு முழுக் கண்ணையே மாற்றிப் பொருத்தினார்கள். அதற்கு ரத்தம் ஓடியது, கண் உயிரோடு இருந்தது. ஆனால் பார்வை வரவில்லை. வெட்டுப்பட்ட பார்வை நரம்பு மறுபடி வளர்ந்து மூளையோடு சேர்வதில்லை. கருவிழியை மாற்றலாம், லென்ஸை மாற்றலாம், அந்த நரம்பை மாற்ற இன்றைய மருத்துவத்தில் வழியில்லை. இருப்பதைக் காப்பாற்றிக்கொள்வது மட்டும்தான் நம் கையில் இருக்கிறது.

ஆகவே என் வேண்டுகோள் இது. சர்க்கரை இருக்கிறது என்று தெரிந்ததும் ஒருமுறை, பிறகு ஆண்டுக்கு ஒருமுறை, மருந்து விட்டு விழித்திரையைப் பாருங்கள். நாற்பது வயதைத் தாண்டியவர்கள் கண் அழுத்தத்தையும் நரம்பையும் சோதித்துக்கொள்ளுங்கள். வீட்டில் யாருக்காவது க்ளாக்கோமா இருந்தால் நாற்பதுவரை காத்திருக்க வேண்டாம். குழந்தையைப் பள்ளியில் சேர்க்கும் முன் கண்ணைக் காட்டுங்கள். டாக்டர் எழுதிக் கொடுக்காத சொட்டு மருந்தைக் கண்ணில் விடாதீர்கள். இறந்தவரின் கண்ணைத் தானம் செய்ய நினைத்தால் ஆறு மணி நேரத்துக்குள் கண் வங்கிக்குச் சொல்லுங்கள், அதுவரை இமைகளை மூடி ஈரப் பஞ்சு வையுங்கள்.

இதைப் படித்து முடித்ததும் ஒரு கண்ணை மூடி எதிரே இருக்கும் காலண்டரைப் படியுங்கள், பிறகு மற்றதை மூடிப் படியுங்கள். வீட்டில் இருக்கும் பெரியவர்களையும் அப்படிச் செய்யச் சொல்லுங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் தெரிந்தால் இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள். தெரியாவிட்டாலும், மேலே சொன்ன பட்டியலில் உங்கள் பெயர் இருந்தால், வலி வரும் என்று காத்திருக்காமல் போய் வாருங்கள்.